பழைய செங்கல் வீடு: இடிப்பதா, திருத்துவதா?
திருப்பூர் வட்டாரத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

கேள்வியின் பூர்வ கதை

பழைய செங்கல் வீடு ஒன்றை விலைக்கு வாங்க முற்படுகிறவர் அதனை அடியோடு இடித்துவிட்டுப் புதிதாக நிர்மாணம் செய்வதா, அல்லது நிற்கிற சுவர்களை நிற்கவிட்டு, வேண்டிய இடத்தில் திறந்தும் அடைத்தும், தாங்கியும் ஏற்றியும், தம் குடும்பத்துக்கும் தொழிலுக்கும் இசையத் திருத்திக்கொள்வதா என்ற கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் நாட்டில் இதற்கு முதலில் விடை தேடியவர்கள் கோயில் கட்டிய ஸ்தபதிகளே. ஜீர்ணோத்தாரணம் என்று அவர்கள் வழங்கிய திருப்பணிக்கு மயமதம் முதலிய சிற்ப நூல்கள் தனியே விதி வகுத்திருக்கின்றன. குடியிருக்கும் வீட்டுக்கு அவ்வளவு விரிவான விதி எதுவும் நிலைபெற்றதாகத் தெரியவில்லை. மனையடி சாஸ்திரம் பெரும்பாலும் புது மனைக்கே அளவு சொல்லிற்று. பழைய சுவரில் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்பதைக் கொத்தனாரின் அனுபவத்துக்கு விட்டுவிட்டது.

ஐரோப்பாவில் இக்கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் விவாதமாக மூண்டது. பிரான்சில் வியோலே-ல-துக் என்னும் கட்டடச் சிற்பி, பழைய கட்டடத்தை அதன் ஆதி உருவத்துக்கு, ஏன், ஆதியில் இருந்திராத பூரணத்துக்கும்கூட, கொண்டுபோகலாம் என்று கருதிச் செய்தும் காட்டினார். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின், 1849-இல் வெளிவந்த நூலில், அவ்வாறு புதுப்பிப்பது அழிப்பதற்கே சமானம் என்று வாதித்தார்; அவர் வழியில் வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடங்களைக் காப்பதற்கென ஒரு சங்கம் நிறுவினார். இந்த வாதம் நம் மாகாணத்துக்கு வந்து சேர்ந்தது 1914-இல், பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் வாயிலாக. சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கைகளில், நேர்வீதி போடும் ஆவலில் வீடுகளை வரிசையாகத் தகர்க்கும் நகரசபைகளின் வழக்கத்தை அவர் கண்டித்தார். ரண வைத்தியன் வேண்டிய அளவுக்கு மட்டும் கத்தியை உபயோகிப்பதுபோல், தவிர்க்க முடியாதவற்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றைத் திருத்துவதே சிக்கனமும் மனிதத் தன்மையும் ஆகும் என்றார். சிகிச்சைக்கு முன் நோயை நிதானிக்கவேண்டும் என்பது அவருடைய நிரந்தர உபதேசம். ஆனால் கெடிஸ் பேசியது ஊரைப் பற்றி. நாம் எடுத்துக்கொண்டதோ ஒரு தனி வீட்டை, அதிலும் வாங்குகிறவரின் கண்கொண்டு.

எவ்வகை வீட்டைப் பற்றிய பேச்சு

திருப்பூரில் பழைய வீடு என்று தரகர் காட்டுவது ஒரே ஜாதியான பொருளன்று. 1860-களில் ரயில் வந்த பின்னும் இவ்வூர் பருத்திச் சந்தையாகவே நெடுநாள் இருந்தது. 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியதும், அதையடுத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவெங்கும் ஆலைகள் பெருகியதும், பனியன் தொழில் இங்கே காலூன்றியதும் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தவை. கட்டடப் பொருளிலும் அதே காலத்தில் ஒரு புரட்சி நடந்தது. மதுக்கரையில் சிமெண்ட் ஆலை 1934-இல் தோன்றியது; அதன் பின் சுண்ணாம்புக் காரை மெல்ல மெல்லப் பின்வாங்கிற்று.

ஆகவே வீடு எழுந்த காலத்தைக்கொண்டு அதன் உடலமைப்பை ஒருவாறு ஊகிக்கலாம். நாட்டுச் செங்கல்லை மண் சாந்தில் அடுக்கி, மேலே ஓடு வேய்ந்தவை முதல் வகை. சுற்றுப்புறக் கிராமங்களின் தொட்டிக்கட்டு வீடுகளிலும், நகரின் பழைய லைன் வீடுகளிலும் இதனைக் காணலாம். சுண்ணாம்புக் காரையில் ஒன்றரைக் கல் கனத்துக்குச் சுவர் எழுப்பி, தேக்கங்கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு ஒட்டி முடித்த மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இரண்டாம் வகை. சிமெண்ட் கலவையில் ஒன்பது அங்குலச் சுவரும், அதன்மேல் நேராகச் சார்த்திய கம்பிக் கான்கிரீட் தளமும் உடையவை மூன்றாம் வகை. ஏறத்தாழ 1960 முதல், ஏற்றுமதி செழித்து நகரம் நாற்புறமும் பரந்த எண்பதுகள் வரையில், ராயபுரம், வாலிபாளையம் போன்ற பகுதிகளில் எழுந்தவற்றில் பல இவ்வகையின. மூன்றிலும் பொதுவானது, கான்கிரீட் தூண் கிடையாது என்பதே. கூரையின் பாரமும், மாடியின் பாரமும், தண்ணீர்த் தொட்டியின் பாரமும் சுவர் வழியாகவே மண்ணில் இறங்குகின்றன. இன்று தூணும் உத்தரமுமாகக் கட்டும் வீடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சுவர் வெறும் தடுப்பாகத் தோன்றுவதனால்தான் அனர்த்தங்கள் பல நிகழ்கின்றன.

இடிக்கச் சொல்லும் தரப்பு

ஒப்பந்தக்காரர்களிலும், இளம் பொறியாளர்களிலும், வாஸ்து நிபுணர்களிலும் பெரும்பான்மையோர் இடிக்கவே சொல்வார்கள். சுயநலம் ஒன்றே இதற்குக் காரணம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. மண் சாந்துச் சுவரின் பலத்தைக் கணக்கிட்டுச் சொல்ல எளிய வழியில்லை. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எதன்மேல் நிற்கிறது என்பதற்கு வரைபடம் கிடைப்பதில்லை. ஈரம் தடுக்கும் அடுக்கு அடிமட்டத்தில் இட்டிருப்பார்களா என்பதும் சந்தேகமே. இவ்வாறு அறியாதவை மலிந்த ஒரு பொருளுக்குக் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பதைவிட, அறிந்த பொருளால் புதிதாகக் கட்டுவது பொறியாளருக்குக் கௌரவமான நிலையாகும். பூகம்பத்தைப் பற்றிய அச்சமும் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1900-ஆம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி கோயம்புத்தூரை அதிர்த்த பூகம்பம் தென்னிந்தியாவில் பதிவான பெரியவற்றுள் ஒன்று. கம்பியோ வளையமோ இல்லாத கனமான செங்கற் சுவர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் மூலைகளில் பிளவுபடும் என்பது நிரூபணமான உண்மை. மனையின் விலை கட்டடத்தின் விலையைப் பல மடங்கு மிஞ்சிவிட்ட நகரத்தில், பழைய வீட்டுக்குத் தனி மதிப்பே வைக்காமல் மனையை மட்டும் பேசி முடிப்பதும் இயல்பாகிவிட்டது.

எனினும் இத்தரப்பின் கணக்கில் சில இனங்கள் விடுபடுகின்றன. பழைய வீடு பெரும்பாலும் மனையின் எல்லைவரை கட்டப்பட்டது. அதை இடித்து விண்ணப்பம் போட்டால், 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி முன்னும் பக்கமும் இடம் விடவேண்டும். குறுகலான மனையில் இவ்வாறு இழக்கும் தரைப்பரப்பு, மிச்சம் பிடித்ததாக எண்ணிய தொகையை விழுங்கிவிடக்கூடும். பக்கத்து வீட்டாருக்கும் பொதுவான சுவரானால் விவகாரம் வேறு உருக்கொள்ளும்: அவர்களுடைய கட்டைகளும் அதில் சொருகப்பட்டிருக்கும், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். புதிதாக வாங்கும் பொருள் யாவும் பழையதைவிட உயர்ந்தது என்ற அனுமானமும் பரிசீலனைக்குரியது. கோவை தடாகம் பள்ளத்தாக்கின் சேம்பர் செங்கல் இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. உரிமமின்றி இயங்கிய அவ்விடத்துச் சூளைகள் 2021-இல் மூடப்பட்ட பின், எங்கிருந்து வரும் கல் என்று வினவி, நீரில் ஊறவைத்தும் தட்டிப்பார்த்தும் வாங்கவேண்டிய நிலைமை ஏற்பட்டது. ஐம்பது ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்ற ஒரு செங்கல் தன் பரீட்சையை முன்னமே எழுதிவிட்டது என்று சொல்வது மிகையாகாது. அதனை ஒட்டிப் பிடித்த சாந்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதென்பதே சங்கடம்.

காக்கச் சொல்லும் தரப்பு

ரஸ்கின், மாரிஸ், கெடிஸ் வழிவந்த கருத்து சுதந்திர இந்தியாவில் இரு கிளைகளாகப் பரந்தது. ஒன்று, 1984-இல் அமைந்த இன்டாக் போன்ற ஸ்தாபனங்களின் பாரம்பரியப் பாதுகாப்பு. மற்றது, திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் செங்கல்லையும் சுண்ணாம்பையும் ஏழைக்கும் உரியதாக்கிக் காட்டிய சிக்கன மார்க்கம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில் பழைய வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருப்பதைப் பார்த்தவர்கள், மரமும் ஓடும் காரையும் எவ்வளவு காலம் பிழைக்கக்கூடியவை என்பதைச் சந்தேகிக்கமாட்டார்கள்.

இத்தரப்பின் மிகப் பெரிய நன்கொடை அழகைப் பற்றியதன்று, ஈரத்தைப் பற்றியது. சுண்ணாம்புக் காரை மிருதுவானது. சிறு அசைவுகளுக்கு நெகிழ்ந்து கொடுக்கும். மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தைத் தன் வழியே வெளியே ஆவியாகப் போகவிடும். அத்தகைய சுவரின்மேல் கடினமான சிமெண்ட் பூச்சைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே மேலே ஏறுகிறது. வெளிப்பார்வைக்குப் புதுமெருகு பெற்ற சுவர் உள்ளே பொடிந்துபோகிறது. மண் சாந்துச் சுவருக்குச் சிமெண்ட் பூசுவதைப் பராமரிப்பு என்று கருதும் வழக்கம் நம்மூரில் வேரூன்றிவிட்டபடியால், இந்த எச்சரிக்கையை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

காப்போர் தரப்புக்கும் பலவீனங்கள் உண்டு. அவர்களுடைய நூல்களில் பெரும்பாலானவை நினைவுச் சின்னங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மாதத் தவணை கட்டி வாங்கிய மூன்று சென்ட் வீட்டுக்கு அவை நேராகப் பொருந்துவதில்லை. சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் இவ்வட்டாரத்தில் அருகிவிட்டார். மெட்ராஸ் டெரஸின் கட்டை சுவருக்குள் நுழையும் முனையே முதலில் உளுத்துப்போகும். நடுக்கட்டை கருங்காலிபோல் உறுதியாக இருக்க, முனையில் ஒரு திருப்புளியை வைத்து அழுத்தினால் பிடிவரை இறங்குவதும் உண்டு. வர்ணம் பூசிய கூரையை அண்ணாந்து பார்த்துத் திருப்தியடைகிறவர் இதனை அறியமாட்டார். பாரம்பரியத்தின்மேல் உள்ள பக்தி இந்த முனையைத் தாங்கிவிடாது.

தூண் செருகும் நடுவழி

இவ்விரு தரப்புக்கும் இடையே, நூல்கள் அதிகம் பேசாத, ஆனால் திருப்பூரில் அன்றாடம் நடக்கிற மூன்றாவது வழி ஒன்றிருக்கிறது. பழைய சுவர்களை வைத்துக்கொண்டு, உள்ளே நான்கு அல்லது ஆறு பில்லர்களை எழுப்பி, பீம் போட்டு, நடுச்சுவரை எடுத்துக் கூடமாக்கி, மேலே ஒரு மாடியும் ஏற்றிவிடுவது அது. கூடத்தில் பவர் டேபிள் போட்டு ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின்களை வரிசையாக நிறுத்தலாம், மேலே குடியிருக்கலாம். தொழிலும் இல்லமும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்த ஊருக்கு இது இயற்கையாகத் தோன்றிய யுக்தி.

இதன் நன்மை வெளிப்படை. அபாயம் மண்ணுக்கடியில் இருக்கிறது. பழைய சுவரின் அஸ்திவாரம் அரை நூற்றாண்டாக இறங்கவேண்டியதெல்லாம் இறங்கி அமர்ந்துவிட்டது. அதன் அருகிலே புதிதாகக் குழி தோண்டி எழுப்பும் பில்லர் இனிமேல்தான் அமரவேண்டும். இரண்டையும் ஒரே தளத்தால் பிணைத்தால், சில பருவங்களுக்குள் பொருத்துவாயில் விரிசல் காண்பது பெரிதும் சாத்தியம். குழி தோண்டும்போதே, ஆழமில்லாத பழைய அஸ்திவாரத்தின் பக்கமண் சரிந்துவிடுவதும் உண்டு. ஆகையால்தான் அனுபவசாலிகள் எல்லாக் குழிகளையும் ஒரே நாளில் தோண்டவிடாமல், ஒன்றை நிரப்பிய பின்னரே மற்றொன்றைத் திறக்கச் சொல்கிறார்கள்.

சுவரை எடுப்பதிலும் வரிசைமுறையே உயிர். முதலில் எடுக்கப்போகும் சுவரின்மேல் எந்தக் கட்டைகள், எந்தத் தளம், எந்த மாடிச்சுவர் அமர்ந்திருக்கின்றன என்று பார்க்கவேண்டும். பிறகு சுவரைத் துளைத்து ஊசிபோல் குறுக்குக் கட்டைகளைச் செலுத்தி, இருபுறமும் முட்டுக் கொடுக்கவேண்டும். இரும்பு கர்டரின் இரு முனைகளும் அமரும் இடத்தில் கான்கிரீட் திண்டு வைக்கவேண்டும். கர்டருக்கும் மேலுள்ள சுவருக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் ஆப்பு அடித்துக் கெட்டிக்கலவை திணித்த பின்னரே கீழ்ச்சுவரை வரிசை வரிசையாக எடுக்கவேண்டும். முட்டுக்கட்டையின் வாடகையை மிச்சம் பிடிக்க எண்ணி இவற்றில் ஒன்றை விடுவதே பெரும்பாலான விபத்துகளுக்கு மூலம். லைன் வீடுகளை ஒன்றாக்கும்போது கவனம் இன்னும் அதிகம் வேண்டும். அறைக்கு அறை நிற்கும் குறுக்குச்சுவர்களே அங்கே ஓட்டுக்கூரையின் விட்டங்களைத் தாங்குகின்றன.

வீதி மட்டம் உயர்ந்து, வீடு பள்ளத்தில் விழுந்துபோன இடங்களில், ஜாக்கிகளை வரிசையாக வைத்து வீட்டையே தூக்கும் முறையும் தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகப் பரவியிருக்கிறது. சிமெண்ட் கலவையில் கட்டிய சுவருக்கு இது பலித்திருக்கிறது. மண் சாந்துச் சுவருக்கு எவரும் துணிந்து சிபாரிசு செய்வதில்லை.

உப்பும் பாரமும் மண்ணும்

பிற ஊர்களில் எழுதப்பட்ட யோசனைகளை அப்படியே இங்கே பெயர்த்து நடுவதற்கு மூன்று தடைகள் உள்ளன; இவ்வாய்வின் சாரம் இப்பகுதியிலேயே இருப்பதாகக் கருதலாம்.

முதலாவது தண்ணீர். துணிக்குச் சாயம் ஏற்றுவதற்குச் சோற்றுப்பும், கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டும் ஏராளமாகச் செலவாகின்றன. பல்லாண்டுகளாகச் சாயநீர் நொய்யல் ஆற்றிலும் நிலத்திலும் கலந்ததன் விளைவை, பாசனத்துக்கென 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியதிலிருந்து உணரலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன்பின் துளிக்கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு நிபந்தனையின்மேல் அவை மீளத் தொடங்கியதும் பிரசித்தம். ஆயினும் நிலத்தடியில் சேர்ந்த உப்பு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு அகலுவதில்லை. பல பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் இன்னும் உவர்ப்பாகவே இருக்கிறது.

இது வீட்டை இருவிதத்தில் தாக்குகிறது. ஈரத்தோடு சுவரில் ஏறும் உப்பு, ஈரம் உலரும் இடத்தில் படிகமாகிப் பருத்து, செங்கல்லின் நுண்துளைகளை உடைக்கிறது. சோடியம் சல்பேட் இதில் மிகக் கொடியது. கட்டடக் கல்லின் உறுதியைச் சோதிக்க ஆய்வுக்கூடங்களில் இதே உப்பின் கரைசலில் கல்லை நனைத்து உலர்த்திப் பார்ப்பது வழக்கமென்றால், இதன் வலிமையை விளக்க வேறு சாட்சி வேண்டியதில்லை. முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையே சுவரின் நீளத்துக்கு ஓடும் வெண்பூப் பட்டையும், அதன்கீழ் பொரிந்து உதிரும் பூச்சும் இதன் அடையாளங்கள். வீட்டைக் காட்டுவதற்கு முன் புதுப்பூச்சோ, பளிங்கு ஓடோ அந்த உயரம்வரை மட்டும் ஒட்டப்பட்டிருந்தால், வாங்குகிறவர் அதனை அலங்காரமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாகாது.

மற்றொரு தாக்குதல் கம்பியின்மேல். கம்பிக் கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகலாகாது, கம்பியில்லாக் கான்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணயத்தின் 456-ஆம் நெறித்தொகுப்பு, 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், வரம்பு கட்டியிருக்கிறது. பழைய வீட்டின் தளம் எந்தக் கிணற்று நீரில் போடப்பட்டது என்பதை இன்று எவராலும் சொல்ல இயலாது. கம்பி துருப்பிடித்துப் பருத்து, அடிப்புறக் கான்கிரீட்டைச் செதில் செதிலாகத் தள்ளிவிட்ட கூரையில் சிமெண்ட் பூசி மறைப்பது நோயை மறைப்பதே. இதில் ஒரு விநோதம் என்னவென்றால், மேலே கண்ட மூன்று வகைகளில் எல்லோரும் பலமானதென்று நம்பும் மூன்றாம் வகை வீடே, அதாவது கான்கிரீட் தளம் உடையதே, இவ்வூர் உப்புக்கு எளிதில் ஆட்படுகிறது. கம்பியே இல்லாத சுண்ணாம்புத் தளத்துக்கு அந்தக் கவலை இல்லை. புதிதாகக் கட்டுகிறவர்களும் உவர்நீரில் கலவை போட்டால், இடித்ததன் பயனை இழந்தவர்களாவார்கள்.

இரண்டாவது பாரம். குடியிருப்புத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கவேண்டும் என்பதும், இலேசான இயந்திரங்கள் உள்ள வேலைக்கூடத்துக்கு அது 500 கிலோ என்பதும் பாரங்களுக்கான இந்திய நெறித்தொகுப்பின் கணக்கு. சரக்கு அடுக்கும் கிடங்கானால் அடுக்கின் உயரம் மீட்டருக்கு 240 கிலோ வீதம், எவ்வாறாயினும் 750 கிலோவுக்குக் குறையாமல் வைக்கவேண்டும். நூல் கோன் மூட்டைகளையும் துணி ரோல்களையும் மாடி அறையில் உத்தரம் தொட அடுக்குகிறவர், குடியிருப்புக்கென இட்ட தளத்தின்மேல் மூன்று நான்கு மடங்கு பாரத்தைத் தம்மையறியாமலே ஏற்றுகிறார். தையல் மிஷின்களின் அதிர்வை விரிசல்களுக்குக் காரணமாகச் சிலர் கூறுவர். அதைவிட இந்த அடுக்குப் பாரமே முக்கியம் என்று தோன்றுகிறது. டன் கணக்கில் எடையுள்ள வட்ட நிட்டிங் மிஷினைத் தரைமட்டத்துக்கு மேலே ஏற்ற நினைப்பதானால், அது பழைய வீட்டுக்குரிய யோசனையே அன்று.

மூன்றாவது மண். செம்மண்ணும் சுக்கான் கல்லும் உள்ள இடத்தில் பழைய அஸ்திவாரங்கள் அமைதியாக இருக்கின்றன. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலில், மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்கும் மண்ணோடு வீடும் மூச்சு விடுகிறது. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென்றே அடியில் குமிழ்போல் விரிந்த சிறு பைல்களை வகுத்துக் கொடுத்தது. அம்முறை வருமுன் எழுந்த வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. படிக்கட்டுப்போல் மூலைக்கு மூலை ஏறும் விரிசல் கோடையில் அகன்று மழைக்காலத்தில் மூடிக்கொண்டால் குற்றம் மண்ணினுடையது. ஒரே சீராக அகன்றுகொண்டே போனால் அஸ்திவாரம் இறங்குகிறது. விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வைப்பது மலிவான, நம்பத்தகுந்த உபாயம். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1984-இல் வெளியிட்ட விரிசல் கையேடு காரணங்களை விரிவாக வகைப்படுத்துகிறது. பிரிட்டிஷ் கட்டட ஆராய்ச்சி நிலையமோ 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டவற்றைச் சாமானியமாகவும், 15-க்கு மேற்பட்டவற்றைக் கடுமையாகவும் எண்ணுகிறது. அகலத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது கரிசலில் பொருந்தாது என்பதே இவ்வட்டாரத்துக்கு உரிய திருத்தம்.

சட்டமும் சாஸ்திரமும்

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-ஆம் பிரிவில், விற்பவர் தமக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறைகளை வெளியிடவேண்டும் என்று விதிக்கிறது. சாதாரண கவனம் என்பது எதுவரை என்பதில்தான் வழக்கெல்லாம். பட்டா, மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை வக்கீலிடம் கொடுத்து அபிப்பிராயம் வாங்காமல் இவ்வூரில் எவரும் முன்பணம் கொடுப்பதில்லை. அதே வீட்டின் சுவரைத் தட்டிப் பார்க்க ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைப்பவர் வெகு சிலர். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்துபோவதைச் சிலர் பரிசோதனையாக எண்ணிக்கொள்கிறார்கள். அவர் கணிப்பது கடனுக்கு ஈடான விலையை. குடியிருப்பவர்களோடு வாங்கும் வீடானால் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தையும் பார்க்கவேண்டும். சுவர் எடுப்பது, மாடி ஏற்றுவது ஆகியவை வர்ணம் பூசுவதுபோல் அனுமதியின்றிச் செய்யத்தக்கவை அல்ல.

வாஸ்துவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நம்பிக்கையை விவாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ஈசானிய மூலையைத் திறப்பதற்கும் கன்னிமூலையில் பாரம் ஏற்றுவதற்கும் சுவரை உடைக்கிறவர்கள், மூலைகளே செங்கல் வீட்டின் வலிமைக்கு ஆதாரம் என்பதை அறிந்து, வாசலையும் ஜன்னலையும் மூலையிலிருந்து தள்ளியே திறக்கவேண்டும்.

தீராது நிற்பவை

இத்தனை விவாதத்துக்குப் பிறகும் சில கேள்விகள் தீரவில்லை. பழைய சாந்தின் பலத்தைச் சுவரை உடைக்காமல் அறிவது எப்படி? கான்கிரீட்டுக்கென்று ஏற்பட்ட துள்ளுசுத்தியைச் செங்கற் சுவரின்மேல் அடித்து எண் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த எண்ணுக்கு அதிக மதிப்புத் தருவதற்கில்லை. பூச்சைச் சுரண்டிச் சந்தில் ஒரு ஆணியால் கீறிப் பார்ப்பது அதைவிட நேர்மையான சோதனையாகலாம். உப்பேறிய சுவரைக் குணப்படுத்த முடியுமா என்பதிலும் கருத்து வேற்றுமை நீடிக்கிறது: பூச்சை நீக்கி, பலியாவதற்கென்றே சுண்ணாம்புப் பூச்சிட்டு, உப்பை அதில் இழுத்துச் சில ஆண்டுக்கொருமுறை மாற்றுவது என்னும் முறை மேல்நாட்டில் பயன் தந்திருக்கிறது, கிளாபர் உப்பு ஊறிய நொய்யல் கரையில் அது எத்தனை காலம் நிற்கும் என்பது பரீட்சித்துத் தெரியவேண்டியது. பூகம்பத்துக்கென இந்தியத் தர நிர்ணயத்தின் 13935-ஆம் தொகுப்பு சொல்லும் கம்பிவலைப் பட்டை சுவரைச் சுற்றி இறுக்கிக் கட்டவல்லது; அந்தக் கம்பியும் உப்புக்கு இரையாகாமல் காக்கும் வழியை இவ்வூருக்கென்று எவரேனும் வகுக்கவேண்டும்.

இப்போதைக்குச் சொல்லக்கூடிய மதிப்பீடு இதுவே. செம்மண்ணில், சிமெண்டிலோ நல்ல சுண்ணாம்பிலோ கட்டி, குடியிருப்பாகவே தொடரவிருக்கும் வீட்டுக்கு, திறப்புகளைக் குறைத்துத் திருத்தும் வழியே மேலானதாகத் தோன்றுகிறது. கரிசலில் நிற்கும் மண் சாந்துச் சுவரின்மேல் மாடியும் தொழிற்கூடமும் ஏற்றும் ஆசையுள்ளவர் இடிக்கச் சொல்வோர் பேச்சைக் கேட்பதே விவேகம். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள பெரும்பான்மையான வீடுகளுக்குப் பொது விடை கிடையாது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தே முடிவு செய்யவேண்டும். இங்கேதான் காலம் குறுக்கிடுகிறது. மண்ணின் குணம் தெரியக் கோடையும் மழையும் கடக்கவேண்டும். கிரய ஒப்பந்தமோ சில மாதத் தவணையில் முடிகிறது. ஆகவே வாங்குகிறவர்கள், முன்பணம் கொடுக்கும் நாளிலேயே, கூரைக்கட்டையின் இரண்டு முனைகளையும், சுவர்ப் பூச்சில் முழங்கால் உயரத்தில் இரண்டு இடங்களையும், அஸ்திவாரத்தின் ஒரு மூலையையும் தம் செலவில் திறந்து பார்த்து மூடிக் கொடுக்கவும், கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பவும் விற்பவர் சம்மதிப்பதாக ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எழுதிக்கொள்ளவேண்டும். மறுக்கிற விற்பனையாளரிடம் விலையைக் குறைத்துப் பேசுங்கள். குறைக்கவும் மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.